110 கே.வி. பிரேக்கரில் கேஸ் குறைந்தால் டிரிப்பையே பூட்டுவது ஏன்?

#1 கப்பலூர் ஷிப்ட்

எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு) கேஸ் நிரப்பிய பிரேக்கரில், அதாவது லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சில், கேஸ் கொஞ்சம் குறைந்தால் அலாரம், இன்னும் குறைந்தால் லாக்கவுட், அதாவது இயக்கப் பூட்டு. லாக்கவுட்டான பிறகு குளோஸ் ஆகாது என்பது சரி. டிரிப்பையும் (திறப்பதையும்) சேர்த்துப் பூட்டிவிடுகிறார்களே, அதுதான் பிடிபடவில்லை. ஃபால்ட் (ஷார்ட் சர்க்யூட்) வந்தால் திறக்கத்தானே பிரேக்கர் இருக்கிறது? கேஸ் குறைவாக இருந்தால் ஊதுவதும் குறைவாக இருக்கும், காண்டாக்ட் நடுவே எரியும் ஆர்க் (மின்வில்) கொஞ்சம் தாமதமாக அணையும், அவ்வளவுதானே? சப்ஸ்டேஷன் யார்டு வேலை தெரிந்த அண்ணன்மார் அடிப்படையிலிருந்து சொல்லுங்கள். "வயரிங் அப்படித்தான்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

#2 யானைமலை

தம்பி, "ஊதி அணைக்கிறது" என்ற சொல்தான் வழிமாற்றுகிறது. அகல்விளக்கை ஊதுவதுபோல ஃபால்ட் கரண்டை யாரும் ஊதி அணைக்க முடியாது.

காண்டாக்ட் பிரியும்போது கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளி உருகி ஆவியாகிறது. அந்த உலோக ஆவி வழியாகக் கரண்ட் தொடர்கிறது, சுற்றியுள்ள கேஸும் சூடேறி அயனியாகிறது. ஆர்க்கின் நடுத்தண்டு 10,000 முதல் 20,000 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் எந்த வாயுவும் கடத்திதான். ஆர்க்கின் மேல் நிற்கும் வோல்டேஜ் சில நூறு வோல்ட்தான். சிஸ்டமோ பல்லாயிரம் வோல்ட்டில் தள்ளுகிறது. ஆகவே ஆர்க் எரியும்போது கரண்ட் குறைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 40 கிலோ ஆம்பியர், 500 வோல்ட் ஆர்க், 15 மில்லிவினாடி என்று போட்டால் ஏறத்தாழ 270 கிலோஜூல் சூடு அந்தச் சின்னக் குடுவைக்குள் இறங்குகிறது.

பிரேக்கர் நம்பியிருப்பது கரண்ட் ஜீரோவை. 50 ஹெர்ட்ஸில் 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை கரண்ட் தானாகவே பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அந்த இடத்தில் ஆர்க்குக்குச் சூடு கொடுக்க ஆளில்லை. அதே நொடியில் கேஸை விரட்டி விட்டால் மிச்சச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும், இடைவெளி மறுபடியும் இன்சுலேட்டர் ஆகிவிடும். மறுபக்கம் சிஸ்டம் சும்மா இருக்காது, பிரிந்த காண்டாக்டுகளுக்கு நடுவே மீள் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே வரும். இடைவெளி பலம் பெறுவதா, வோல்டேஜ் முந்துவதா என்ற இந்தப் பந்தயத்தை 1928-இல் ஸ்லெபியன் என்ற பொறியாளர் சொன்னார். கேசி 1939-இலும் மேயர் 1943-இலும் எழுதிய ஆர்க் சமன்பாடுகள் இன்றைக்கும் புழக்கத்தில் உள்ளன.

பந்தயத்தில் இரண்டு சுற்று. ஜீரோவை ஒட்டிய சில மைக்ரோவினாடிகள் சூட்டுச் சுற்று: அப்போது இடைவெளியில் இன்னும் கொஞ்சம் கடத்துதிறன் மிச்சம் இருக்கும். உள்ளே ஏறும் சூட்டைவிட வெளியேறும் சூடு அதிகமாக இருக்க வேண்டும். இதில் தப்பித்தாலும் நூற்றுக்கணக்கான மைக்ரோவினாடி கழித்து வோல்டேஜ் உச்சத்துக்கு வரும்போது கேஸ் அதைத் தாங்க வேண்டும். அது இரண்டாம் சுற்று.

இப்போது உன் கேள்வி. பஃபர் வகையில் கேஸை அழுத்துவது காண்டாக்ட் நகரும் அந்த ஓட்டமேதான். சிலிண்டர் காண்டாக்டோடு சேர்ந்து ஓடும், பிஸ்டன் அசையாது, நடுவில் மாட்டிய கேஸ் நாசில் என்ற குறுகிய வாய் வழியாக ஆர்க் மீது பாயும். ஸ்ட்ரோக் முடிந்தால் ஊதலும் முடிந்தது. பிரேக்கருக்கு ஒரே மூச்சுதான். அந்த மூச்சுக்குள் ஒரு ஜீரோ வரும், மிஞ்சினால் இரண்டு. அடர்த்தி குறைவான கேஸ் அந்த ஜீரோவைத் தவறவிட்டால் அடுத்த ஜீரோவுக்கு ஊத எதுவும் இல்லை. "தாமதமாக அணையும்" என்ற கதையே கிடையாது. ஆர்க் உள்ளேயே நின்று எரியும், அழுத்தம் ஏறும், போர்சிலின் வெடிக்கும்.

மூடியபடி இருக்கும் பிரேக்கர் வெறும் செம்புக் கம்பி மாதிரி. கேஸே இல்லாவிட்டாலும் லோடு கரண்டை அது சுமக்கும். பாதி கேஸில் திறக்கப் போகும் பிரேக்கர் குண்டு. அதனால்தான் பூட்டு.

#3 வைகைக்கரை

யானைமலை அண்ணன் சொன்னதோடு எஸ்.எஃப்.6-ஐயே ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். "காற்றைவிட நல்லது" என்று மட்டும் சொல்லிப் போவது போதாது.

ஃப்ளூரின் எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. தனி எலக்ட்ரான் துள்ளி ஓடும். அதை மூலக்கூறு பிடித்துக்கொண்டால் கனத்த அயனியாகி நகரவே திணறும். எஸ்.எஃப்.6-இன் மூலக்கூறு எடை 146, காற்றுக்குச் சுமார் 29. இதனால் சாதாரண அழுத்தத்திலேயே காற்றைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் வோல்டேஜ் தாங்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், மூலக்கூறு உடையும் வெப்பநிலை. எஸ்.எஃப்.6 ஏறத்தாழ 2000 கெல்வினில் உடைகிறது, உடையும்போது சூட்டை உறிஞ்சுகிறது. அந்தச் சூட்டில் வாயு இன்னும் மின்சாரத்தைக் கடத்தாது. நைட்ரஜன் உடைவது 7000 கெல்வின் அளவில், அங்கே வாயு ஏற்கெனவே கடத்தத் தொடங்கியிருக்கும். எனவே எஸ்.எஃப்.6-இல் ஆர்க் ஒல்லியான தண்டாகவும், சுற்றிலும் கடத்தாத குளிர்ந்த உறையாகவும் பிரிந்து நிற்கிறது. ஜீரோவில் குளிர வேண்டியது அந்த ஒல்லித் தண்டு மட்டும். ஆறியதும் உடைந்த துண்டுகள் பெரும்பாலும் மறுபடி எஸ்.எஃப்.6 ஆகவே ஒட்டிக்கொள்ளும், அதனால் கேஸ் தீர்ந்துபோவதில்லை. பழைய ஏர் பிளாஸ்ட் பிரேக்கருக்கு 20, 30 பார் காற்று, கம்ப்ரஸர், டேங்க், குழாய் என்று ஒரு ஊரே வேண்டியிருந்தது. ஒவ்வொரு டிரிப்புக்கும் காற்று வெளியேறும் சத்தம் வேட்டுப் போட்டதுபோல் இருக்கும். எஸ்.எஃப்.6-இல் 6 பார் போதும், எல்லாம் மூடிய குடுவைக்குள்.

நாசிலின் வேலையும் கவனிக்க வேண்டியது. கரண்ட் உச்சத்தில் இருக்கும்போது ஆர்க் தடித்து நாசில் கழுத்தையே அடைத்துவிடும். கேஸ் வெளியேற முடியாமல் பின்னால் அழுத்தம் சேரும். கரண்ட் ஜீரோவை நோக்கி இறங்கும்போது ஆர்க் ஒல்லியாகி வழி விடும், சேர்ந்த அழுத்தம் அத்தனையும் சரியான நேரத்தில் பாயும். இப்போது வரும் செல்ஃப் பிளாஸ்ட் வகை இதையே முழுசாகப் பயன்படுத்துகிறது: ஆர்க்கின் சூடே ஒரு தனி அறையில் அழுத்தத்தை உண்டாக்கும், சிறிய கரண்டுக்கு மட்டும் சின்ன பஃபர். மெக்கானிசம் சுமக்க வேண்டிய பளு குறைவதால் ஸ்பிரிங் போதும்.

#4 கப்பலூர் ஷிப்ட்

ஒரே மூச்சு என்றதும் புரிந்துவிட்டது அண்ணே, நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். பஸ்ஸை (ஸ்டேஷனில் எல்லா லைனும் சேரும் பொதுக் கம்பி) ஒட்டியே வரும் ஃபால்ட்தான் கரண்ட் அதிகம், அப்படியானால் அதுதான் பிரேக்கருக்குக் கடினமானதா? இன்னொன்று, அடர்த்திதான் பலம் என்றால் 6 பாருக்குப் பதில் 7 பார் ஏற்றி வைத்தால் என்ன?

#5 மேலமாசி

அதிகம் ஏற்றினால் நல்லதுதான். இன்சுலேஷன் கூடும், லீக் ஆனாலும் அலாரம் வர நாளாகும்.

#6 நாகமலை

மேலமாசி, அந்த யோசனையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்சுலேஷன் கூடும் என்பது மட்டும் உண்மை. பஃபர் சிலிண்டர் அழுத்த வேண்டிய கேஸும் கூடும், ஸ்பிரிங்கின் பலமோ அதேதான். காண்டாக்ட் வேகம் குறையும், ஓட்டத்தின் கடைசியில் திணறும், டைமிங் தப்பும். போர்சிலினும் ரப்சர் டிஸ்க்கும் (அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வழிவிடும் தகடு) நேம்பிளேட் அழுத்தத்தைக் கணக்கில் வைத்துப் போட்டவை, ஃபால்ட் நேரத்து அழுத்த ஏற்றமும் அதன்மேல் சேரும். சித்திரை வெயிலும் சேரும். நேம்பிளேட்டில் 20 டிகிரிக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான் ஏற்ற வேண்டிய அளவு.

லாக்கவுட் அளவைப் பற்றியும் ஒன்று: டைப் டெஸ்டில் (மாதிரி பிரேக்கரை வைத்துச் செய்யும் தகுதிச் சோதனை) முழு ஃபால்ட் கரண்டை வெட்டிக் காட்டுவது அந்தக் குறைந்தபட்ச அழுத்தத்தில்தான். ஆகவே அலாரத்துக்கும் லாக்கவுட்டுக்கும் நடுவில் பிரேக்கர் முழுத் தகுதியோடுதான் இருக்கிறது. லாக்கவுட்டுக்குக் கீழே உத்தரவாதம் எதுவும் இல்லை.

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. பஸ்ஸை ஒட்டிய ஃபால்ட்டைவிட, லைனில் கொஞ்ச தூரம் தள்ளி வரும் ஃபால்ட் கடினம். 110 கே.வி. லைனில் போடும் 145 கே.வி., 40 கிலோ ஆம்பியர் ரேட்டிங் பிரேக்கரை எடுத்துக்கொள்வோம்.

பஸ் ஃபால்ட்டில் முழு 40 கிலோ ஆம்பியர். மீள் வோல்டேஜ் மைக்ரோவினாடிக்கு 2 கிலோவோல்ட் வேகத்தில் ஏறி ஏறத்தாழ 215 கிலோவோல்ட் உச்சத்தைத் தொடும் என்று தர நிர்ணயத்தில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஃபால்ட் கரண்ட் 90 சதவீதமாக, அதாவது 36 கிலோ ஆம்பியராகக் குறையும் தூரத்துக்குப் போவோம். மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு லைனில் விழ வேண்டும்: ஒரு ஃபேஸுக்கு 84 கிலோவோல்ட், அதில் பத்தில் ஒரு பங்கான 8.4 கிலோவோல்ட்டை 36 கிலோ ஆம்பியரால் வகுத்தால் 0.23 ஓம். கிலோமீட்டருக்கு 0.4 ஓம் என்று வைத்தால் 600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வண்டியூர் தெப்பக்குளத்தின் இரண்டு கரைகளை நடக்கும் தூரம்தான். ஜீரோவில் கரண்ட் சரியும் வேகம் 314 பெருக்கல் 1.414 பெருக்கல் 36,000, அதாவது மைக்ரோவினாடிக்கு 16 ஆம்பியர். லைனின் அலை மறிப்பு (ஓடும் அலைக்கு லைன் காட்டும் தடை) 450 ஓம். பெருக்கினால் மைக்ரோவினாடிக்கு 7.2 கிலோவோல்ட். பிரேக்கருக்கும் ஃபால்ட்டுக்கும் நடுவே உள்ள துண்டு லைனில் அலை போய்த் திரும்பித் திரும்பி அடிப்பதால் ரம்பப்பல் வடிவில் வோல்டேஜ் வரும். முதல் பல் 19 கிலோவோல்ட்தான், ஆனால் மூன்று மைக்ரோவினாடிக்குள் வந்துவிடும்.

யானைமலை சொன்ன முதல் சுற்று முடிவதற்குள்ளேயே அந்த அடி விழுகிறது. கரண்ட் பத்து சதவீதம் குறைந்தது, வோல்டேஜ் ஏறும் வேகம் மூன்றரை மடங்கு கூடிவிட்டது. அடர்த்தி குறைவு, நாசில் தேய்மானம், காண்டாக்ட் வேகக் குறைவு எல்லாம் முதலில் தோற்பது இங்கேதான்.

#7 மேலமாசி

ஏற்றுக்கொள்கிறேன். ஸ்பிரிங் பலத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

#8 செல்லத்தாய்

அழுத்தம், அடர்த்தி இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் யார்டில் பாதிக் குழப்பம் வருகிறது. பிரேக்கருக்கு வேண்டியது அடர்த்தி.

20 டிகிரியில் கேஜில் 6 பார் என்றால் தனி அழுத்தம் 7 பார். மதுரையில் மே மாதம் குடுவைக்குள் 45 டிகிரி என்று வையுங்கள். 7 பெருக்கல் 318 வகுத்தல் 293, சுமார் 7.6. சாதாரண கேஜ் 6.6 காட்டும். கேஸ் ஒரு கிராம்கூட ஏறவில்லை. அதே மதியம் சாதாரண கேஜ் 6.0 காட்டுகிறது, "சரியாக இருக்கிறது" என்று விட்டுவிட்டால் உண்மையில் கிட்டத்தட்ட 8 சதவீதம் கேஸ் போயிருக்கிறது. வெப்ப ஈடு செய்யும் டென்சிட்டி மானிட்டர் வைப்பது இதற்காக.

மானிட்டருக்கும் ஒரு பலவீனம் உண்டு. தன் உடம்புச் சூடுதான் கேஸின் சூடு என்று அது நம்பும். நேர் வெயிலில் மானிட்டர் மட்டும் காய்ந்து, குடுவைக்குள் கேஸ் அவ்வளவு சூடாகாமல் இருந்தால் அதிகமாகக் கழித்துக் குறைவாகக் காட்டும். மதியம் இரண்டு மணிக்கு அலாரம் வந்து மாலை ஆறு மணிக்குத் தானாகப் போனால், முதலில் மானிட்டரின் வெயில் மறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விடிகாலையில், வெயில் ஏறும் முன், எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு எடுக்கும் ரீடிங்தான் நம்பத் தகுந்தது.

மலைக்கு மேலே இன்னொரு கணக்கு. கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் 0.8 பார்தான். சாதாரண கேஜ் வெளிக்காற்றைக் கழித்துக் காட்டுவது, எனவே 0.2 பார் கூட்டிக் காட்டும். 12 டிகிரிக் குளிர் அதே 0.2 பாரைக் குறைக்கும். இரண்டும் ஈடுகட்டி 6.0 என்றே நிற்கும். வெயில் அடித்தால் அந்த ஈடு கலைந்துவிடும். வெளிக்காற்றைச் சாராமல் மூடிய ஒப்பீட்டு அறை உள்ள மானிட்டர்தான் அங்கே சரி.

#9 கொடைரோடு

செல்லத்தாய் அக்கா சொன்னதில் இருந்து லீக் கணக்கும் போடலாம். இந்த வகைக் குடுவைக்கு அனுமதிக்கும் கசிவு பொதுவாக வருடத்துக்கு அரை சதவீதம். 6 பாரிலிருந்து 5.5 பார் அலாரம் வரை இறங்க, 7 சதவீதம் கேஸ் போக வேண்டும். அது 14 வருடக் கணக்கு. ஒரே போலில் (ஒரு ஃபேஸுக்கான குடுவை) வருடம் ஒருமுறை அலாரம் வருகிறதென்றால் டாப் அப் செய்து கையெழுத்துப் போட்டு மூடும் விஷயம் அல்ல அது, லீக். முதலில் பார்க்க வேண்டிய இடம் மானிட்டர் இணைப்பு, ஃபில்லிங் வால்வு, பிறகு ஃப்ளாஞ்ச் ஓ-ரிங், கடைசியாக அசையும் தண்டின் சீல். சோப்புத் தண்ணீர் பெரிய ஓட்டையைக் காட்டும். சின்னதுக்கு ஹாலஜன் டிடெக்டர், அல்லது இணைப்பைப் பாலிதீனால் சுற்றிக் கட்டி மறுநாள் உள்ளே அளப்பது.

கேஸை வெளியே விட்டுவிடலாம் என்று எண்ணவே கூடாது. ஒரு கிலோ எஸ்.எஃப்.6 நூறாண்டுக் கணக்கில் 23,500 கிலோ கார்பன் டையாக்சைடுக்குச் சமம். மூன்று போலுக்கு 8 கிலோ என்றால் கிட்டத்தட்ட 190 டன். ரெக்கவரி யூனிட் இல்லாமல் திறக்க வேண்டாம்.

நிரப்பும்போது குடுவையை 1 மில்லிபாருக்குக் கீழே வெற்றிடமாக்கி, பம்பை நிறுத்திச் சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் லீக் அல்லது உள்ளே ஈரம். ஹோஸில் உள்ள காற்றைக் கேஸால் தள்ளிவிட்டுத்தான் இணைக்க வேண்டும், ஹோஸ் ஈரம் ஒன்றே போதும் எல்லா வேலையையும் கெடுக்க. சிலிண்டரிலிருந்து விரிந்து வரும் கேஸ் குளிர்ந்திருக்கும், நிரப்பிய உடனே எடுக்கும் ரீடிங் பொய். சிலிண்டரை முன்னும் பின்னும் எடை போட்டு எத்தனை கிலோ போனது என்று பதிவில் எழுதுங்கள். ஈரத்தை ஒரு நாள் கழித்து அளங்கள். இன்சுலேட்டரில் ஒட்டியிருக்கும் ஈரம் மெதுவாகத்தான் கேஸுக்குள் வரும். நிரப்பிய அழுத்தத்தில் பனிநிலை (ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் படிந்தாலும் உறைபனியாகப் படியும், நீர்ப்படலமாகி மேற்பரப்பில் கரண்ட் ஓடாது.

#10 வைகைக்கரை

ஈரத்துக்கு இன்னொரு பழி உண்டு. ஆர்க்கில் உடைந்த கேஸின் பெரும்பகுதி திரும்ப ஒட்டிவிடும் என்று மேலே எழுதினேன். ஒட்டாத மிச்சம் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் சல்ஃபர் டையாக்சைடும் வரும். ஹைட்ரஜன் ஃப்ளூரைடு சிலிக்காவை அரிக்கும். அதனால்தான் உள்ளே வார்க்கும் எபாக்சியில் சிலிக்காவுக்குப் பதில் அலுமினா தூள் கலக்கிறார்கள், ஈரத்தை உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ் பையும் வைக்கிறார்கள். குடுவை திறந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பையைப் புதிதாக மாற்ற வேண்டும்.

ஃபால்ட் வெட்டிய குடுவையைத் திறந்தால் வெள்ளையும் சாம்பலுமாகத் தூள் படிந்திருக்கும், உலோக ஃப்ளூரைடுகள். துடைப்பத்தால் கூட்டக் கூடாது, வாயால் ஊதவே கூடாது. முகமூடி, கையுறை, மூடிய உடுப்பு, நுண்வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர். அழுகிய முட்டை நாற்றமோ காரமான நெடியோ வந்தால் உடனே வெளியே வந்து காற்றோட்டம் விட வேண்டும். சுத்தமான எஸ்.எஃப்.6-க்கு மணமே கிடையாது, காற்றைவிட ஐந்து மடங்கு கனம் என்பதால் கேபிள் டிரெஞ்சில் தேங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். டிரெஞ்சில் இறங்கும் முன் ஆக்சிஜன் அளப்பது கட்டாயம்.

#11 நாகமலை

கேஸ் சரியாக இருந்தும் தோற்கும் பிரேக்கர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றுக்கு அலாரமே கிடையாது.

உள்ளே இரண்டு ஜோடி காண்டாக்ட். லோடு சுமப்பது வெள்ளி பூசிய மெயின் காண்டாக்ட், ஆர்க்கை ஏற்பது டங்ஸ்டன்-தாமிரக் கலவை ஆர்க்கிங் காண்டாக்ட். மெயின் முதலில் பிரியும், ஆர்க்கிங் பின்னால் பிரியும். ஆர்க்கிங் நுனி தேய்ந்து குட்டையானால் இரண்டும் ஒன்றாகப் பிரிந்து ஆர்க் மெயினில் பிடிக்கும், நாசிலின் காற்றோட்டத்துக்கு வெளியே. அங்கே அதை அணைக்க எதுவும் இல்லை. 100 ஆம்பியர் டி.சி. விட்டு எடுக்கும் சாதாரண காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட் மூடிய மெயினைத்தான் அளக்கும், நல்ல மைக்ரோ ஓம் காட்டிவிட்டுப் போகும். திறக்கும் ஓட்டத்திலேயே ரெசிஸ்டன்ஸை அளக்கும் டைனமிக் டெஸ்டில்தான் ஆர்க்கிங் நுனியின் நீளம் தெரியும். டிராவல் வளைவையும் (எந்த நேரத்தில் காண்டாக்ட் எவ்வளவு நகர்ந்தது என்ற படம்) சேர்த்து எடுங்கள்.

நாசில் டெஃப்லான். ஒவ்வொரு ஃபால்ட்டிலும் கொஞ்சம் ஆவியாகும், அந்த ஆவி அழுத்தத்துக்கு உதவுவதும் உண்டு. ஆனால் கழுத்து அகன்றுவிட்டால் அழுத்தம் நிற்காது. மூன்று போலும் திறப்பதில் கால வித்தியாசம் ஆறில் ஒரு சைக்கிளுக்குள், அதாவது 3.3 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். மெக்கானிசத்தில் கிரீஸ் காய்ந்து கிடந்தால் முதல் டிரிப் மட்டும் மெதுவாகவும் அடுத்தடுத்தவை சரியாகவும் வரும். அதனால் ஷட்டவுன் எடுத்ததும் முதல் ஆபரேஷனையே பதிவு செய்யுங்கள். நான்கு முறை தட்டிவிட்டு எடுக்கும் டைமிங் எதையும் சொல்லாது.

#12 கப்பலூர் ஷிப்ட்

கடைசிக் கேள்வி. லைன் சார்ஜில் இருக்கிறது, லோடு ஓடுகிறது, அந்த நேரத்தில் லாக்கவுட் வந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

#13 யானைமலை

முதலில் செய்யக் கூடாதது. மெக்கானிசம் பெட்டிக்குள் கையால் அழுத்தும் டிரிப் நாப் இருக்கும். லாக்கவுட் பூட்டுவது மின்வழியை மட்டும். அந்த நாப் அதைத் தாண்டி ஸ்பிரிங்கை விடுவித்துவிடும், அழுத்துபவர் பிரேக்கருக்கு அடியிலேயே நிற்பார். யாரையும் அங்கிட்டுப் போக விடாதே. ஐசொலேட்டரையும் (கரண்ட் இல்லாதபோது மட்டும் திறக்கும் சுவிட்ச்) லோடில் இழுக்கக் கூடாது. அதற்கு ஊதும் ஏற்பாடே இல்லை.

இரட்டை பஸ் இருந்தால், கப்ளர் (இரண்டு பஸ்ஸையும் இணைக்கும் பிரேக்கர்) மூடிய நிலையில் மற்ற ஃபீடர்களை (லைன்களை) எல்லாம் ஒரு பஸ்ஸுக்கு மாற்றி, பூட்டிய பிரேக்கரை மட்டும் இன்னொரு பஸ்ஸில் தனியாக விட வேண்டும். மறுமுனை ஸ்டேஷனில் திறக்கச் சொல்லிவிட்டுக் கப்ளர் பிரேக்கரைத் திறந்தால் இரண்டு பக்கமும் செத்துவிடும். வோல்டேஜ் இல்லை என்று உறுதி செய்த பிறகு இருபக்க ஐசொலேட்டரையும் திற. ஒற்றை பஸ் என்றால் பஸ்ஸையே கொஞ்ச நேரம் இறக்காமல் வழியில்லை, லோட் டெஸ்பாட்சில் (மின் பகிர்வுக் கட்டுப்பாட்டு மையம்) அனுமதி வாங்கி முறையாகச் செய்ய வேண்டும்.

அதற்குள் ஃபால்ட் வந்தால் ரிலே (ஃபால்ட்டைக் கண்டு திறக்கச் சொல்லும் கருவி) டிரிப் கொடுக்கும், பிரேக்கர் திறக்காது, கரண்ட் ஓடுவதைப் பார்த்து 200 மில்லிவினாடி அளவில் பிரேக்கர் ஃபெயிலியர் ரிலே அந்த பஸ்ஸின் எல்லா பிரேக்கரையும் திறந்துவிடும். அந்த ரிலே இல்லாத ஸ்டேஷனில் மறுமுனைகளின் ரிலேயில் இரண்டாம் மண்டலம் (தாமதித்து வேலை செய்யும் அடுத்த கட்டப் பாதுகாப்பு) திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். இருட்டாவது பெரிய பரப்பு, ஆனால் திறப்பவை எல்லாம் முழுக் கேஸ் உள்ள பிரேக்கர்கள்.

இந்த மாற்றத்தை லாக்கவுட் வரை தள்ளாமல் அலாரம் வந்தவுடனேயே தொடங்கிவிடு. நாகமலை சொன்னபடி அப்போது அந்த பிரேக்கரே திறந்து வெட்டும் முழுத் தகுதியோடு இருக்கும், மேலே சொன்ன எந்தச் சுற்றுவழியும் தேவைப்படாது.